அந்தக் கனவில் எனக்கு ஒரு வேலை இருக்கிறது

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எங்கே இரண்டு சுழி, எங்கே மூன்று சுழி என்பதில் இன்னும் தடுமாற்றம்தான். மறதியும் இருக்கிறது. ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் அதற்கு முந்தைய வரியில் என்ன எழுதினேன் என்று திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது. மருமகள் பிழை திருத்தித் தருகிறேன் என்றாள். சுழியை மட்டும் திருத்து, சொல்லைத் தொடாதே என்று சொல்லியிருக்கிறேன்.

நான் பேசுகிறவள் இல்லை. கல்யாண வீட்டில் போட்டோ எடுக்க வந்தால் தூண் பக்கம் நகர்ந்துவிடுவேன். பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் வந்தாலும் நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஸ்டாப்பில் இறங்கி நடந்து வந்திருக்கிறேன். அப்படிப்பட்டவள் எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் சொல்லாமல் விட முடியாத ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு புதுச்சேரியில், கருவடிக்குப்பத்தில். நான், மகன், மருமகள், மூன்று பேர். மகன் எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டித் தருகிறவன். மருமகள் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறாள். என் வீட்டுக்காரர் மில்லில் இருந்தவர். மில் மூடின பிறகு கொஞ்ச காலம்தான் இருந்தார். நான் இங்கேயே மேட்டுப்பாளையம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சோப்புக் கம்பெனியில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தேன். அந்தக் கம்பெனி இப்போது இல்லை. சோப்புக்குப் பேப்பர் சுற்றி, டஜன் டஜனாக அட்டைப்பெட்டியில் அடுக்குகிற வேலை. அங்கே நடந்த ஒரு காரியம்தான் எனக்குக் கனவாக வந்துகொண்டிருந்தது.

வேலை முடிந்து போகும்போது கேட்டில் எங்கள் ஒயர் கூடைகளைத் திறந்து காட்ட வேண்டும். ஒரு நாள் சாயங்காலம் என் கூடையில், சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில், பேப்பர் சுற்றாத சோப்பு ஒன்று இருந்தது. எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. மேஜையிலிருந்து உருண்டு விழுந்ததா, யாராவது போட்டார்களா, சொல்ல முடியவில்லை. சூப்ரவைசர் கேட் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சோப்பை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். எல்லாரும் போகிற வரைக்கும் இப்படியே நில் என்றார். நின்றேன். அத்தனை பெண்களும் என்னைப் பார்த்துக்கொண்டே போனார்கள். நான் எடுக்கவில்லை என்று சொல்ல வேண்டும். இரண்டே சொல். வாய் திறக்கவில்லை. திறக்காத வாயைப் பார்த்து எல்லாரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

மறுநாள் அவரே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார், வேகமான கை என்று. போனேன். அதற்குப் பிறகு பதினோரு வருடம் அதே கேட்டில் கூடையைத் திறந்து காட்டினேன். வீட்டுக்காரர் அன்றைக்கு "எடுத்தியா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அழுதேன். அழுகையை அவர் ஆமாம் என்று எடுத்துக்கொண்டார். அதோடு வீட்டில் அந்தப் பேச்சு முடிந்தது.

எனக்கு முடியவில்லை. மாதத்தில் இரண்டு தடவையாவது அந்தக் கேட் கனவில் வரும். கையில் சோப்பு, எதிரே நாற்காலி, வாய் பசை போட்டது மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். விழித்தால் தாடை வலிக்கும். முப்பது வருடத்துக்கு மேலாக இப்படி.

புதுச்சேரி மத்தியானத்தில் கடை சாத்துகிற ஊர். ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கினால் நான்கு மணிக்குத்தான் தூக்குவார்கள். எனக்கும் அதே பழக்கம். சாப்பிட்டதும் பாயைப் போட்டுவிடுவேன். மருமகள் மட்டும் போனில் எதையாவது ஓடவிட்டுக்கொண்டு ஜாக்கெட்டுக்கு ஹூக் வைப்பாள். அப்படி ஒரு மத்தியானம், கண் சொருகும் நேரத்தில், போனில் ஓர் ஆள் பேசியது காதில் விழுந்தது. தூக்கத்திலேயே 'இது கனவு' என்று தெரிந்துகொள்ள முடியும் என்றார். பழகினால் யாருக்கும் வரும், தெரிந்துவிட்டால் கனவுக்குள் நாம் நினைத்ததைச் செய்யலாம், நினைத்ததைப் பேசலாம் என்றார். நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

அதை மறுபடி போடச் சொல்லிக் கேட்பதற்கு எனக்கு மூன்று நாள் ஆயிற்று. கேட்டதும் மருமகள் சிரித்தாள். அதற்கு லூசிட் ட்ரீம் என்று பெயராம். எனக்கு லூசு என்று கேட்டது.

"லூசு இல்ல அத்தே, லூசிட்."

"கடைசி எழுத்த முழுங்கிட்டா ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன்.

விளையாட்டுக்குச் சொன்னேன். பிறகு தெருவில் எல்லாரும் அந்தக் கடைசி எழுத்தை முழுங்கித்தான் பேசினார்கள்.

அந்த ஆள் சொன்னது ஒன்றும் கஷ்டமான வித்தை இல்லை. விழித்தவுடன், பாயை விட்டு எழுவதற்கு முன்னாலேயே, கண்ட கனவை எழுதிவைக்க வேண்டும். பகலில் பத்துத் தடவையாவது 'இது நிஜமா, கனவா' என்று கேட்டுக்கொண்டு, கையைப் பார்த்து எண்ண வேண்டும். பகலில் பழகினது கனவிலும் தானாக வருமாம். கனவில் எண்ணிக்கை தப்பிப்போகுமாம். அப்படித் தப்பினால் அது கனவு. எழுத்தையும் அப்படித்தான், ஒரு தடவை படித்துவிட்டு முகத்தைத் திருப்பி மறுபடி படித்தால், கனவாக இருந்தால் எழுத்து மாறியிருக்குமாம்.

நானும் எண்ண ஆரம்பித்தேன். குழாயடியில் நிற்கும்போது, அரிசி களையும்போது, துணி காயப்போடும்போது, எந்நேரமும். ஒரு வாரம் கழித்து மருமகள் என் கையை உற்றுப் பார்த்தாள்.

"அத்தே, அவரு விரல எண்ணச் சொன்னாரு. ஒரு கைக்கு அஞ்சு விரலு. நீங்க என்னாத்த எண்றீங்க?"

அப்போதுதான் தெரிந்தது. நான் கட்டைவிரலால் மற்ற நாலு விரலின் கணுக்களைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். விரலுக்கு மூன்று கணு, நாலு விரலுக்குப் பன்னிரண்டு. சோப்புக் கம்பெனியில் நாங்கள் எல்லாரும் அப்படித்தான் எண்ணுவோம். ஒரு கை என்றால் ஒரு டஜன். டஜன் முடிந்தால் பெட்டியை மூடு, அடுத்ததை எடு. எண்ணு என்று யாராவது சொன்னால் என் கட்டைவிரல் வேறு எங்கும் போகாது.

தப்பாகச் செய்துவிட்டோமே, இனி ஐந்தே எண்ணுவோம் என்று இரண்டு நாள் முயன்று பார்த்தேன். ஐந்தில் மனது ஒட்டவில்லை. ஐந்து என்பது எண்ணுவதற்கு முன்னாலேயே தெரிந்த கணக்கு, அதை எதற்கு எண்ண வேண்டும்? விட்டுவிட்டேன். என் கனவு, என் கை, என் டஜன். அவருக்கு வேண்டுமானால் அவர் ஐந்து எண்ணிக்கொள்ளட்டும்.

எழுதுவதற்கு மருமகள் தன் அளவு நோட்டைக் கொடுத்தாள். முன்பக்கத்திலிருந்து அவளுடைய வாடிக்கைக்காரர்களின் கை அளவு, கழுத்து அளவு. பின்பக்கத்திலிருந்து என் கனவுகள். ஆரம்பத்தில் 'கடுகு டப்பா காணோம்', 'யாரோ கோழி கொடுத்தார்கள், வாங்கவில்லை', 'ஒன்றும் ஞாபகம் இல்லை' என்று ஒவ்வொரு வரிதான். ஒன்றும் ஞாபகம் இல்லை என்பதையும் எழுத வேண்டும் என்று அந்த ஆள் சொல்லியிருந்தார், எழுதினேன். எழுத எழுதக் கனவுகள் நீண்டன. நடுநடுவே 'கேட். சோப்பு. வாய் திறக்கவில்லை' என்று இருக்கும்.

குழாயடியில் ஒருத்தி, நான் எண்ணுவதைப் பார்த்து, "என்னா ஆயா, ஜெபமா?" என்று கேட்டாள். கணக்கு என்றேன். மருமகள் தண்ணீர்க் குடம் தூக்கும்போதெல்லாம் என் முன்னால் நின்று, "அத்தே, இப்ப நான் நிஜமா, கனவா?" என்பாள். "கனவுல நீ இவ்ளோ பேச மாட்டே" என்று நானும் பதில் சொல்லப் பழகினேன். எனக்கே ஆச்சரியம். அதுவரை நான் அவளுக்கு ஆமாம், இல்லை என்ற இரண்டைத் தவிர அதிகம் சொன்னதில்லை.

ஒரு மாதம் இருக்கும். ஒரு மத்தியானத் தூக்கத்தில் நான் டெம்போவில் போய்க்கொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மடியில் ஒரு பூசணிக்காய், அது மெல்ல மூச்சு விட்டது. கட்டைவிரல் தன் பாட்டுக்கு எண்ண ஆரம்பித்தது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு. சுண்டுவிரலில் கணு போய்க்கொண்டே இருந்தது, முடியவில்லை. அட, இது கனவு! சந்தோஷத்தில் நெஞ்சு தூக்கிப்போட்டது. போட்ட வேகத்தில் விழித்துவிட்டேன். தூக்கத்தில் நான் சத்தமாகச் சிரித்ததாக மருமகள் சொன்னாள். அடுத்த தடவையும் அப்படியே ஆயிற்று, தெரிந்துகொண்ட அடுத்த நொடியே வெளியே வந்து விழுந்தேன். புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லாருக்கும் இப்படித்தான் ஆகுமாம். பரபரப்பு கூடாது, கனவு நழுவுகிற மாதிரி இருந்தால் இரண்டு கைகளையும் நன்றாகத் தேய்க்க வேண்டும் என்று அந்த ஆள் சொல்லியிருந்தார். பிறகு பறக்கலாம், கடலுக்கு மேலே நடக்கலாம் என்றும் சொன்னார். எனக்குப் பறக்கிற வேலை ஒன்றும் இல்லை. நான் அந்தக் கேட்டுக்குப் போக வேண்டும். போய் வாயைத் திறக்க வேண்டும். அவ்வளவுதான்.

இதற்குள் ஒரு சங்கடம் வந்தது. மருமகளுக்கு ஹூக்கும் நூல்கண்டும் வாங்கப் பெரிய மார்க்கெட் பக்கம் போயிருந்தேன். போய்ச் சேரும்போது ஒன்றேகால், கடைகள் சாத்தியாகிவிட்டன. சரி, திறக்கும் வரை சும்மா இருப்பானேன், எழுத்துப் பழக்கத்தைச் செய்வோம் என்று தெருமுனையில் இருந்த நீலப் பலகையைப் படித்தேன். மேலே பிரெஞ்சு, கீழே தமிழ். பிரெஞ்சு எனக்குத் தெரியாது. தமிழை எழுத்துக் கூட்டிப் படித்தேன். முகத்தைத் திருப்பினேன். மறுபடி படித்தேன். அதேதான் இருந்தது. பழக்கம் நன்றாகப் படியட்டும் என்று ஏழெட்டுத் தடவை செய்திருப்பேன், கையில் கணு எண்ணிக்கொண்டே. சிவப்புத் தொப்பி போட்ட போலீஸ்காரர் ஒருவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் கேட்டார்.

"எந்தத் தெருவுக்குப் போவணும் ஆயா?"

எங்கும் போக வேண்டாம் என்றேன்.

"இது எந்த எடம்னு தெரியுதா?"

"அதத்தான் பாத்துக்கினு இருக்கேன், நெஜமான்னு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்டிருக்கும் என்று உறைத்தது. விளக்கிச் சொல்லக் கூச்சம். அவர் என் சுருக்குப்பையில் இருந்த சீட்டில் மகனுடைய நம்பரைப் பார்த்துப் போன் போட்டுவிட்டார்.

மகன் கையெல்லாம் வார்னிஷோடு வண்டியில் வந்தான். என்னைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு போனான். வீட்டுக்கு வந்ததும் மருமகளிடம்தான் கோபம். அவள் பயந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். லூசிட் என்று அவள் சொல்ல, "பேர்லயே இருக்குதே" என்றான். தையல் மிஷின் மேல் இருந்த அளவு நோட்டை எடுத்துப் பின்பக்கத்திலிருந்து படித்தான். நான் அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கம் திருப்பத் திருப்ப அவன் முகம் இறங்கியது. மூடி வைத்துவிட்டு, "காலையில கதிர்காமம் போறோம்மா" என்றான்.

கதிர்காமத்துப் பெரிய ஆஸ்பத்திரி வராண்டாவில் சீட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அங்கே கூட்டத்துக்கு நடுவே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, மகன் பேசினான். சண்டையாக இல்லை. சின்னக் குழந்தையிடம் பேசுகிற மாதிரி.

"எம்மா, அந்த சோப்பு விசயத்த இன்னுமா மனசுல வச்சிக்கினு இருக்க? எனக்குச் செரங்கு வந்து கெடந்தேன். டீச்சர் சோப்பு போட்டுக் குளிச்சிட்டு வரச் சொன்னாங்க. நீ எனக்காவத்தான் எடுத்தேன்னு எனக்குத் தெரியாதா? அதுக்கு நான் என்னிக்காவது உன்ன ஒரு வார்த்த கேட்டிருக்கேனா?"

கேட்டதில்லை. உண்மைதான். எனக்கு அப்போதுதான் புரிந்தது, அவன் முப்பது வருடமாக என்னை மன்னித்துக்கொண்டிருந்திருக்கிறான். அவனுக்காகத் திருடின அம்மா என்று ஒருத்தியை மனதில் வைத்து, அவளுக்குச் சோறு போட்டு, அவளுக்குப் புடவை வாங்கி, அவள் மேல் பாசமாக இருந்திருக்கிறான். அந்த அம்மா நான் இல்லை.

சொல்ல வேண்டியதுதானே. பட்டப்பகல், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் பெற்ற மகன், சூப்ரவைசர் இல்லை. கட்டைவிரல் ஓடிற்று. பன்னிரண்டில் நின்றது. நிஜம்தான். கனவில் எப்படியோ அப்படியே வாய் ஒட்டிக்கொண்டது. அவன் என் முழங்கையைத் தட்டிக்கொடுத்தான். என் ஆயுசில் இவ்வளவு கோபம் எனக்கு வந்ததில்லை. அவன் மேல் இல்லை, இந்த வாய் மேல்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். என்னிடம் இன்றைக்கு என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் மகன் பதில் சொன்னான். தூக்கம் வருகிறதா என்று என்னைக் கேட்டாள். கெட்ட கனவு வருது டாக்டர் என்று அவன் சொன்னான். பழைய விஷயம் ஒன்றை நினைத்துக் குழப்பிக்கொள்கிறார்கள், கனவே வராமல் அடித்துப் போட்ட மாதிரி தூங்க ஒரு மாத்திரை கொடுங்கள் என்றான். எங்கள் தெருவில் ஒரு அம்மாளுக்கு அப்படி ஒன்று கொடுத்ததாகவும் சொன்னான்.

நல்ல எண்ணத்தில்தான் கேட்டான். ஆனால் எனக்கு என்ன கேட்டது தெரியுமா? அந்தக் கேட்டை இடித்துவிடப் போகிறார்கள் என்று கேட்டது. நான் இன்னும் அங்கே போய்ப் பேசவில்லை. மாத்திரையைப் போட்டுக்கொண்டால் கேட் போய்விடும், நாற்காலி போய்விடும், சொல்ல வேண்டிய சொல்லைச் சொல்ல இடமே இல்லாமல் நான் செத்துப்போவேன்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு, "அவங்களே சொல்லட்டும்" என்றாள். ரொம்ப நேரம் காத்துக்கொண்டிருந்தாள். வெளியே ஏதோ ஒரு குழந்தை அழுது ஓய்ந்தது.

"வேணாம்" என்றேன்.

"என்னம்மா வேண்டாம்?"

"மாத்திரை. எனக்கு அந்தக் கனவு வேணும். அதுல எனக்கு ஒரு வேலை இருக்குது."

மகன் தலையில் கை வைத்துக்கொண்டான். டாக்டர் சிரிக்கவில்லை. என்ன வேலை என்று கேட்டாள். அது எனக்கும் அங்கே உட்கார்ந்திருக்கிற ஆளுக்கும் நடுவில் என்றேன். விழித்திருக்கும்போது அந்த ஆள் தெரிகிறாரா என்று கேட்டாள். இல்லை, அவர் தூக்கத்தில்தான் இருக்கிறார், எனக்கு வித்தியாசம் தெரியும், அதைத் தெரிந்துகொள்ளத்தான் எண்ணுகிறேன் என்று கையைக் காட்டினேன். கிழமையும் சொன்னேன். காலையில் சாப்பிட்டது இட்லி, சட்னியில் உப்பு தூக்கல் என்பதையும் சொன்னேன். வாய் திறந்தது திறந்ததுதான் என்று கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன்.

அவள் பிரஷர் பார்த்தாள், ரத்தப் பரிசோதனைக்கு எழுதினாள். இப்போதைக்குத் தூக்க மாத்திரை வேண்டாம் என்று மகனிடம் சொன்னாள். நிஜமும் கனவும் கலக்கிற மாதிரியோ, தூக்கம் கெடுகிற மாதிரியோ இருந்தால் உடனே வர வேண்டும் என்று என்னிடம் சொன்னாள். வருகிறேன் என்றேன்.

அதற்குப் பிறகு கேட் வரவில்லை. மூன்று வாரம். நான் பட்ட பாடு! முப்பது வருடமாக வேண்டாம் வேண்டாம் என்றபோது வந்தது, வா என்று கூப்பிட்டால் வரவில்லை. கடுகு டப்பா வந்தது, பூசணிக்காய் வந்தது, செத்துப்போன பக்கத்து வீட்டு நாய்கூட வந்தது. தெருவில் லூசு ஆயா என்று பெயர் ஆகிவிட்டது. ஒருத்தி வந்து, தாயத்து கட்டினால் சரியாகும் என்று மகனிடம் சொன்னாள். கட்டிக்கொள்ள மாட்டேன் என்று நானே வாசலுக்கு வந்து சொன்னேன். தூங்கப்போகும்போது, கேட்டுக்குப் போகிறேன், போனால் எண்ணிப் பார்ப்பேன் என்று சொல்லிக்கொண்டு படுப்பேன். தினமும் நோட்டில் எழுதினேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்தது. மீன் குழம்பு சாப்பிட்டுப் படுத்திருந்தேன்.

அதே கேட். அதே நாற்காலி. பெண்கள் வரிசையாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தார்கள். என் இடது உள்ளங்கையில் சோப்பு. தாடை இறுகியது. வலது கையில் கட்டைவிரல் ஓடியது. பன்னிரண்டு. பதின்மூன்று. பதினேழு. இருபது. டஜன் முடியவில்லை.

நெஞ்சு தூக்கிப்போட்டது, காட்சி கலங்கியது, கேட் தண்ணீரில் தெரிகிற மாதிரி ஆடிற்று. கையைத் தேய் என்று ஞாபகம் வந்தது. தேய்த்தேன். சோப்பு கைக்கு நடுவில் இருந்ததை மறந்துவிட்டேன். தண்ணீரே இல்லாமல் நுரை வந்தது. விரல் சந்தெல்லாம் நுரை, மணிக்கட்டில் வழிந்தது. எவ்வளவு மணம்! இருபது வருடம் அந்தச் சோப்பைச் சுற்றினேன், ஒரு நாளும் அதைப் போட்டுக் குளித்ததில்லை. கேட் ஆடாமல் நின்றது.

"நான் எடுக்கல" என்றேன்.

அவ்வளவு சுலபமாக வந்தது. சூப்ரவைசர் தலையைக்கூடத் தூக்காமல், "சரிம்மா, போம்மா" என்றார்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? முப்பது வருடம் தூக்கிச் சுமந்த சொல், அவருக்கு ஈ பறந்த மாதிரி. போகிறதாக இல்லை நான். "எழுந்திரு" என்றேன். சார் என்று சொல்லவில்லை, நீங்கள் என்று சொல்லவில்லை. எழுந்திரு. எழுந்தார். அவருடைய நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். சூடாக இருந்தது. வரிசையில் வந்த பெண்களிடம், யாரும் கூடையைத் திறக்க வேண்டாம், போங்கள் என்று சொன்னேன். போனார்கள். ஒருத்தி மட்டும் நின்று, என் கையிலிருந்த நுரையைக் கொஞ்சம் தொட்டுத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு போனாள். கடைசிப் பெண் போகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்.

விழித்தபோது தாடை வலிக்கவில்லை. வெளியே வெயில் இருந்தது. மகன் வாசற்பக்கம் உட்கார்ந்து யாருடைய மோட்டாரையோ பிரித்து வைத்திருந்தான். கையில் பன்னிரண்டு எண்ணிக்கொண்டேன். போய் அவன் எதிரில் நின்றேன்.

"சோப்ப நான் எடுக்கல."

அவன் நிமிர்ந்து பார்த்தான். செம்புக் கம்பி ஒன்றைப் பல்லில் கடித்தபடி இருந்தான். எடுத்துக் கீழே வைத்தான். உள்ளே தையல் மிஷின் நின்றுவிட்டது.

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா."

"அப்ப வாய் வர்ல. இப்ப வருது."

கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். நாற்பத்தைந்து வயது ஆள், ஓரத்தில் நரைத்த மீசை. பிறகு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், பையன் மாதிரி கேட்டான்.

"அப்ப, எனக்காவ எடுக்கலியா?"

அவனிடமிருந்து எதை எடுக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. ஒரு கணம், ஆமாம் உனக்காகத்தான் என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. சொல்லவில்லை. இத்தனை நாள் மற்றவர்கள் சொன்னதற்கு வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

"உனக்கு வேப்பிலையும் மஞ்சளும் அரச்சிப் போட்டேன். பத்து நாளு. நீ கத்துன கத்துல தெருவே வந்துச்சி. அது ஞாபகம் இல்ல, எடுக்காத சோப்பு ஞாபகம் இருக்குதா?"

மருமகள் உள்ளேயிருந்து சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் வரைக்கும் ஒரே மோட்டாரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சாப்பிடும்போது, "யாரு போட்டிருப்பாங்கம்மா கூடையில?" என்று கேட்டான். தெரியாது என்றேன். நம்பினானா என்று நான் கேட்கவில்லை. அந்தக் கேள்வியை அவன் கேட்டதே எனக்குப் போதும்.

கேட் அதற்குப் பிறகு இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் நாற்காலியில் நான்தான் இருந்தேன். எண்ணுவதை நிறுத்தவில்லை, நிறுத்தப்போவதும் இல்லை. தெருவில் எப்படிக் கூப்பிட்டாலும் சரி.

ஞாபகத்தில் இருந்தபடி எழுதியிருக்கிறேன், தப்பு இருக்கும். மேட்டுப்பாளையத்தில் அந்த நாளில் சோப்புப் பேக்கிங்கில் இருந்த பெண்கள் யாராவது இதைப் படித்தால் சில விஷயங்களைச் சரிபார்த்துச் சொல்லுங்கள். பேப்பர் சுற்றுவதற்கு முன் அந்தச் சோப்பு பச்சையா, மஞ்சளா? எனக்குக் கனவில் பச்சையாக வருகிறது, நிஜத்தில் மஞ்சள் என்று ஒரு சந்தேகம். நாற்காலி கேட்டுக்கு உள்ளே போட்டிருந்ததா, வெளியிலா? மகனோடு அரசுப் பள்ளியில் படித்தவர்கள் இருந்தால் அவர்களும் சொல்லலாம்: அவனுக்குச் சிரங்கு வந்தது எட்டாவதிலா, ஒன்பதாவதிலா? எட்டாவது என்று அவன் சொல்கிறான். நான் கேட்டில் நின்றது அவன் எட்டாவது படிக்கும்போது, அது நடந்து ஒரு மழைக்காலம் போனபிறகுதான் சிரங்கு வந்தது என்று எனக்கு ஞாபகம். யாராவது பார்த்துச் சொல்லுங்கள்.